தலைக்கு மேல் ஓர் ஆறு! உங்களுக்குத் தெரியுமா?

பெங்களூரு நீலசந்திராவில் ஆறு இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது! ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓடுகிறது. மொட்டை மாடியிலிருந்து செங்குத்தாக 600 மீட்டர் ஏறினால் போதும், அதன் நடுவில் நிற்பீர்கள்!

அது காற்று ஆறு. தண்ணீரை ஆவியாகச் சுமந்துகொண்டு போகும் ஆறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் அதன் வேகம் உச்சம். பெங்களூரு ஏற்கெனவே 920 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

சென்னைக்காரருக்கு அந்த ஆறு ஒன்றரை கிலோமீட்டர் தூரம். நமக்கு அதில் பாதிகூட இல்லை!

இந்த ஆற்றின் ஊற்றுக்கண் எங்கே தெரியுமா? மொரிசியஸ், ரீயூனியன் தீவுகளுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில்! நம் முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன அதே தீவுகள். அவர்கள் போன கடலிலிருந்துதான் நமக்கு மழைக்காற்று வருகிறது!

நேராக வருகிறதா? இல்லை! முதலில் மேற்கே ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. கென்யா அருகே நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது. அங்குள்ள மலைகள் தடுத்துத் திருப்பிவிடுகின்றன. சோமாலியாவைத் தொட்டுவிட்டு, வலப்பக்கம் வளைந்து, அரபிக்கடலைக் கடந்து நம்மிடம் வருகிறது. மொத்தம் 6,000 கிலோமீட்டருக்கு மேல்!

வேகம்? சோமாலியாக் கரையில் மணிக்கு 90 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும்!

இதன் முழுப் பாதையையும் 1969-ல் எழுதிக் காட்டியவர் ஃபிண்ட்லேட்டர் என்ற வானிலை ஆய்வாளர். இன்றும் அந்தக் காற்றுக்கு 'ஃபிண்ட்லேட்டர் ஜெட்' என்றே பெயர். மனிதன் நிலாவில் கால் வைத்த அதே ஆண்டு! நிலாவுக்குப் போய்விட்டோம், தலைக்கு மேல் ஓடும் ஆற்றின் முழுப் பாதை அப்போதுதான் தெரிந்தது!

ஆனால் அப்படி ஒரு காற்று இருப்பது மாலுமிகளுக்கு முன்பே தெரியும். முதல் நூற்றாண்டிலேயே யவனர் கப்பல்கள் இந்தக் காற்றைப் பிடித்துச் செங்கடல் முகப்பிலிருந்து முசிறிக்கு வந்தன. மிளகு வாங்க! பயணம் 40 நாள் என்று ரோமானியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

சரி, இந்த ஆற்றில் தண்ணீர் எவ்வளவு? உங்களிடம் 30-க்கு 40 அடி சைட்டு இருக்கிறதா? மழைக்காலத்தில் அந்த ஒரு சைட்டுக்கு நேர்மேலே, வானம் முடியும் வரை உள்ள காற்றில் மட்டும், கிட்டத்தட்ட 4,000 லிட்டர் தண்ணீர் ஆவியாக நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மேகமே இல்லாத நாளிலும் நிற்கிறது!

அதில் பாதிக்கு மேல் கீழே உள்ள 2 கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விமானம் பறக்கும் 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அப்பளம்போலக் காய்ந்திருக்கும்!

இப்போதுதான் விஷயமே. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் 2. ஞாயிற்றுக்கிழமை. பெங்களூருவில் ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் மழை. ஜூன் மாதத்தில் ஒரு நாளில் பெய்த மழையில் 133 ஆண்டு சாதனை! பழைய சாதனை 1891-ம் ஆண்டுடையது, 101.6 மில்லிமீட்டர்.

உங்கள் 30-க்கு 40 சைட்டில் அன்று விழுந்தது 12,000 லிட்டருக்கு மேல்! முழுசாக ஒரு பெரிய டேங்கர்!

அதற்கு மூன்று மாதம் முன்னால் இதே ஊர் குடத்தோடு டேங்கருக்காகத் தவம் கிடந்தது. 12,000 லிட்டர் டேங்கர், 5 கிலோமீட்டருக்குள் என்றால் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை கட்டியது. ஜூன் 2-ம் தேதி வானம் அதை இலவசமாக ஒவ்வொரு வீட்டு மாடிக்கும் டெலிவரி செய்தது!

இங்கே ஒரு கேள்வி கேட்டீர்களா? தலைக்கு மேலே இருந்தது 4,000 லிட்டர். விழுந்தது 12,000 லிட்டர். மீதி 8,000 எங்கிருந்து வந்தது?

பக்கத்து வீட்டிலிருந்து! பக்கத்து ஊரிலிருந்து! பக்கத்து மாவட்டத்திலிருந்து! இடிமேகம் ஒரு மோட்டார் பம்பு. சுற்றிலும் உள்ள ஈரக்காற்றைக் கீழே உறிஞ்சி, மேலே ஏற்றி, பிழிந்து ஒரே இடத்தில் கொட்டுகிறது. உங்கள் மாடியில் பெய்தது உங்கள் தலைக்கு மேலிருந்த தண்ணீர் மட்டும் அல்லவே அல்ல!

எனக்கு இந்தக் கணக்குப் புரிந்த நாளிலிருந்து மழையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மழை மேலேயிருந்து வருவதாக நினைத்திருந்தேன். அது பக்கவாட்டில் வருகிறது!

காயல்பட்டினத்தைக் கேளுங்கள். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! பெங்களூருவில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 97 சென்டிமீட்டர்தான். நமக்கு ஒரு வருஷம், அவர்களுக்கு ஒரே நாள்!

ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும் வெப்பமண்டலக் காற்றில்கூட, மொத்தமாகப் பிழிந்தால் 6 சென்டிமீட்டர் சொச்சம்தான் தேறும். அப்படியானால் காயல்பட்டினத்தின் மேல் இருந்த காற்று அந்த ஒரே நாளில் 15 தடவைக்கு மேல் காலியாகி, 15 தடவைக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும்!

அன்று வந்தது புயலா? இல்லை! காற்றழுத்தத் தாழ்வு மண்டலமா? அதுவும் இல்லை! டிவியில் தினமும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அதே 'வளிமண்டல கீழடுக்கு சுழற்சி'! பெயர்கூட வைக்க மாட்டார்கள். பெயரில்லாத ஒன்று திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் கொட்டிவிட்டுப் போனது!

ஆகவே இனி அந்த வார்த்தையைக் கேட்டால் சேனலை மாற்றாதீர்கள். 'கீழடுக்கு' என்பதுதான் தண்ணீர் இருக்கும் அடுக்கு!

2015 டிசம்பர் 1-ம் தேதி சென்னையை மூழ்கடித்த மழைக்கும் புயல் பெயர் கிடையாது. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர்!

பெயர் வைத்த ஒன்றையும் சொல்கிறேன். ஃபெஞ்சல்! 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறியது. கரை ஏறியபின் வலுவிழந்தது. ஆனால் வலுவிழந்தபின்தான் உள்நாட்டில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே! காற்று ஓய்ந்தாலும் தண்ணீர் ஓயவில்லை!

உலக சாதனை யாருக்கு? ரீயூனியன் தீவுக்கு! 1966 ஜனவரியில் அங்கே ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். ஆளையே மூழ்கடிக்கும் உயரம்! நம் ஆறு புறப்படுகிற வாசலில் இருக்கும் தீவு அல்லவா!

ஈரக்காற்று கனமா, லேசா? கனம் என்றுதானே சொல்வீர்கள்? தப்பு! லேசு! ஆக்சிஜன் மூலக்கூறின் எடை 32. நைட்ரஜன் 28. தண்ணீர் வெறும் 18! காற்றில் ஈரம் ஏற ஏற அதன் எடை குறைகிறது. அது ஏறிப் போய் மேகமாக முடிய இந்த லேசும் உதவுகிறது!

மேகம் எந்த உயரத்தில் தொடங்கும் என்று மாடியில் நின்றே சொல்லலாம். வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (dew point) கழியுங்கள். 125-ஆல் பெருக்குங்கள். அவ்வளவு மீட்டர்! 32-லிருந்து 20 போனால் 12. மேகத்தின் அடிவயிறு 1,500 மீட்டர் உயரத்தில். போனிலேயே இரண்டு எண்ணும் கிடைக்கும், இன்றைக்கே பாருங்கள்!

பஞ்சுபோல மிதக்கிறதே ஒரு வெள்ளை மேகம், ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம். அதன் எடை? 500 டன்! நூறு யானை!

ஒரு மழைத்துளிக்கு எத்தனை மேகத்துளி வேண்டும்? 10 லட்சம்!

ஒரு லிட்டர் ஆவி தண்ணீராக மாறும்போது வெளியே விடும் வெப்பம் சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த ஜூன் 2 மழையில் உங்கள் சைட்டுக்கு மேலே மட்டும் 8,000 யூனிட்டுக்கு மேல்! கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம் அல்லவா? அந்தக் கணக்கில் மூன்றரை வருஷக் கரண்ட். ஒரே நாளில் வானத்தில் செலவானது!

இப்போது கொஞ்சம் மேற்கே வாருங்கள். ஆகும்பே! இதே கர்நாடகம்தான். ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல். நீலசந்திராவுக்கு ஆயிரம்கூட இல்லை. ஒரே காற்று, ஒரே ஆறு, ஏழு மடங்கு வித்தியாசம்!

ஆகும்பேயில் ஜூலை மாதம் மட்டும் பெய்வது நமக்கு இரண்டு ஆண்டு மழை!

மேற்குத் தொடர்ச்சி மலை அந்தக் காற்றை ஈரத்துணிபோல முறுக்கிப் பிழிந்துவிடுகிறது. ஏறும் பக்கம் வெள்ளம். இறங்கும் பக்கம் வெறும் காற்று. ஈரம் இழந்த காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் 10 டிகிரி சூடேறும்! நீலசந்திராவில் ஜூலை முழுக்க வானம் மூடியே இருக்கும், தூறல் மட்டும் போடும், மாடியில் காயப்போட்ட துணி படபடவென்று அடிக்கும். ஏன் என்று இப்போது தெரிகிறதா? நமக்கு அதிக மழை தரும் மாதம் செப்டம்பர்!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்த ஆடிக் காற்று எது? இதே ஆறுதான்! தண்ணீரை மலைக்குக் கொடுத்துவிட்டு, வேகத்தை மட்டும் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருகிறது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுற்றுவதும் அதுவே. செங்கோட்டைக் கணவாயில் புகுந்து குற்றாலத்தில் சாரலாகத் தெறிப்பதும் அதுவே!

காற்று ஒன்று, தமிழில் பெயர் எத்தனை! வடக்கே இருந்து வந்தால் வாடை. தெற்கே இருந்து தென்றல். மேற்கே இருந்து வந்தால் கோடை. ஆம், கோடை என்றால் வெயில் காலம் மட்டும் அல்ல, மேல்காற்றும்தான்! மலையில் பிழிந்து காய்ந்து வரும் காற்றுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள்: மேகம்! கீழ்க்காற்றுக்கும் நீர் கொண்ட மேகத்துக்கும் ஒரே சொல். எந்தக் காற்று தண்ணீர் சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்பதை நம் மொழி சொல்லுக்குள்ளேயே முடிந்துவைத்திருக்கிறது. இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்!

யாழ்ப்பாணத்தில் அந்தத் தென்மேல் காற்றுக்குச் சோளகம் என்று பெயர். மட்டக்களப்பில் கச்சான்! இலங்கையின் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அனலாக வீசும். அங்கே வேர்க்கடலைக்கும் பெயர் கச்சான்தான்!

மரம் மழை தருமா? தரும், கணக்கோடு தரும்! மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடும் ஈரம், தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்கான நீராவியில் 25 முதல் 40 சதவீதம் என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் கண்டுபிடித்தார்கள். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அது பாதியைத் தொடும்! மலையில் ஒரு மரத்தை வெட்டினால் அது சமவெளி மழையைத் தொடுகிறது. இதை மட்டும் நான் சத்தமாகச் சொல்வேன்!

நீராவி எங்கிருந்து வருகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே பெரிய போட்டி! அரபிக்கடலே கொடுக்கிறது என்றார் பி.ஆர். பிஷாரடி, 1965-ல். இல்லை, பெரும்பங்கு நிலநடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே வருகிறது என்றார்கள் சாகாவும் பவடேகரும், 1973-ல். பிஷாரடி யார் தெரியுமா? சர் சி.வி. ராமனின் மாணவர்!

ராமனிடம் பெங்களூருவில் வேலை பார்த்த இன்னொருவர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். ராமன் கொடுத்த வேலை வைரத்தை ஆராய்வது. பிறகு போனதோ வானிலைத் துறைக்கு! சுமார் 100 வானிலைக் கருவிகளின் வடிவமைப்பு வரைபடங்களைத் தரப்படுத்தினார். வெளிநாட்டிலிருந்து வாங்கிய கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார்!

வானத்தின் ஈரத்தை எப்படி அளக்கிறார்கள்? தினமும் நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே நேரத்தில் பலூன் பறக்கும்! தொங்கும் சின்னப் பெட்டி ஈரத்தை அளந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே ஏறும். 30 கிலோமீட்டர் வரைகூடப் போய் வெடிக்கும்!

உங்கள் போனில் வழி காட்டும் ஜி.பி.எஸ். கூட மழை வாசனை பிடிக்கும்! காற்றில் ஈரம் இருந்தால் செயற்கைக்கோள் சிக்னல் கொஞ்சம் தாமதமாகும். ஒரு மில்லிமீட்டர் தண்ணீருக்கு சுமார் 6.5 மில்லிமீட்டர் பிழை. அந்தப் பிழையை அளந்தால் ஈரத்தின் அளவு கிடைத்துவிடும். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் ஜி.பி.எஸ். நிலையத்தை வைத்து இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். மல்லேஸ்வரம் பக்கத்தில்தான்!

2011 அக்டோபர் 12-ல் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து, வெப்பமண்டலத்தின் ஈரத்தை அளக்கவென்றே ஒரு செயற்கைக்கோளை அனுப்பின. பெயர்: மேகா-டிராபிக்ஸ். 'மேகம்' இருக்கிறது பாருங்கள் பெயரில்!

வெயில் ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கும் ஈரம் 7 சதவீதம் கூடும். நம் ஊரும் சூடேறும்: 2016 ஏப்ரலில் பெங்களூரு 39.2 டிகிரி தொட்டது. ஊரின் சாதனை!

பூமியின் காற்றில் உள்ள ஆவி மொத்தமும் ஒரே நேரத்தில் மழையானால் எவ்வளவு உயரம் நிற்கும்? வெறும் 2.5 சென்டிமீட்டர்! ஒரு விரற்கடை! ஆனால் சராசரியாக 9 நாளுக்கு ஒருமுறை அத்தனையும் கீழே விழுந்து, மறுபடி ஏறிவிடுகிறது. ஆண்டுக்கு 40 சுற்று!

காவிரித் தண்ணீரை 100 கிலோமீட்டர் தள்ளி, 500 மீட்டர் உயரம் ஏற்றிப் பெங்களூருவுக்குக் கொண்டுவர இரவு பகலாக மோட்டார் ஓடுகிறது. காற்று 6,000 கிலோமீட்டர் கொண்டுவந்து இறக்குகிறது. பில்லே கிடையாது!

கடைசியாக ஒன்று. என்னை உலுக்கிய கண்டுபிடிப்பு!

நீலசந்திராவில் பெய்யும் மழை எங்கே போகிறது? சாக்கடை வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்கு. அங்கிருந்து வர்த்தூர். பிறகு தட்சிண பினாகினி. ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் அதற்குப் பெயர் தென்பெண்ணை! கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணைகளைக் கடந்து கடலூர் அருகே வங்கக்கடலில் விழுகிறது!

ஊரின் மேற்குப் பாதியில் பெய்வதோ விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, காவிரியாகி மேட்டூருக்குப் போகிறது. பெங்களூருவின் எந்தப் பக்கம் பெய்தாலும் போய்ச் சேருவது தமிழ்நாட்டுக்கு!

அரபிக்கடலிலிருந்து வந்த தண்ணீரை வங்கக்கடலுக்குக் கொடுக்கும் ஊர் இது!

வங்கக்கடல் அதை வைத்துக்கொள்கிறதா? அக்டோபரில் காற்று திரும்புகிறது. கொண்டல்! அதே கடலின் ஆவியைச் சுமந்து கடலூர், கிருஷ்ணகிரி தாண்டி மறுபடி நம் மாடிக்கு வருகிறது!

நம்பவில்லையா? ஜூன் மாதம் மாடிக்குப் போய்த் தாழ்வான மேகங்களைப் பாருங்கள், கெங்கேரி பக்கமிருந்து வரும். நவம்பரில் போய்ப் பாருங்கள், கோலார் பக்கமிருந்து வரும்!